யாருமில்லாத தோட்டம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஈப்போவில் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தோளில் ஒரு பை. அதற்குள் வாய் இறுக முடிச்சுப் போட்ட தலையணை உறை.

"மாமா, காரை எடுங்க. சுங்கை சிப்புட் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்."

"பையில என்னடா?"

"மஞ்சு."

மஞ்சு யார் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். நாலு வருஷமாக அவன் அறையில் கண்ணாடிப் பெட்டியில் வாழ்ந்த மலைப்பாம்பு. நம் காட்டு மலைப்பாம்பு இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த 'பால் பைத்தான்'. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். மூன்றரை அடி நீளம். மஞ்சளும் இளம் ஊதாவும் கலந்த நிறம். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நண்பனிடம் வாங்கினான். அக்கா முதல் மூன்று மாதம் அந்த அறைப்பக்கமே போகவில்லை. பிறகு அவளே, "டேய், மஞ்சுக்கு இன்னிக்குத் தீனி போட்டியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வீட்டில் பாம்பு வளர்க்கச் சட்டம் இடம் தராது. அக்காவுக்கு முட்டிவலி, எலியை உருக வைத்து இடுக்கியில் பிடித்துக் கொடுக்கும் வேலையெல்லாம் அவளால் ஆகாது. முகநூலில் போட்டால் வாங்க ஆள் வரும். ஆனால் உரிமம், காகிதம் என்று யாராவது கேட்டால் காட்ட அவனிடம் எதுவும் இல்லை. வாங்கும்போது கேட்கவில்லை, விற்றவனும் சொல்லவில்லை. எனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

"நம்ம பழைய தோட்டத்துல விட்டுடலாம் மாமா. அங்கதான் இப்ப யாரும் இல்லையே. எலி நிறைய இருக்கும். சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தேன். அதுதான் உண்மை. ஒரு உயிரைக் கொல்லாமல் விடுகிறான், நல்ல பையன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பழைய சாலை வழியாகப் போனோம். நான் பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்தது. அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். மங்கு துடைத்து, கோடு போட்டு, பால் எடுத்து, காண்டாவில் வாளி தூக்கி வருவார்கள். பள்ளி விடுமுறையில் நாங்களும் கூடப் போவோம். பாம்பு பார்க்காத வாரம் கிடையாது. சாரை குறுக்கே ஓடினால் யாரும் அடிக்க மாட்டார்கள். "எலி பிடிக்கிற பிள்ளை, விடு" என்பார் அப்பா. நாகம் என்றால் ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மலைப்பாம்பு கோழிக்கூண்டுக்குள் புகுந்து, விழுங்கிய கோழியோடு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்ட காலைகளும் உண்டு. அதைச் சாக்கில் பிடித்து ஆற்றோரமாகக் கொண்டுபோய் விடுவார்கள். அந்தப் பாம்பு அந்த இடத்துப் பாம்பு. அதன் பாட்டனும் அங்கேதான் இருந்திருப்பான்.

தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள். லயங்களை இடித்துவிட்டார்கள். சனங்கள் ஈப்போ, தாசேக், பினாங்கு என்று சிதறிப் போனார்கள். ஆற்றோரத்தில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் வெட்டாத கிழட்டு ரப்பர் மரங்கள் நிற்கின்றன. அதன் பக்கத்தில் மாரியம்மன் கோயில்.

காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். யாருமில்லாத தோட்டம் என்றுதானே வந்தோம்? கோயில் வாசலில் ஒரு பாட்டி தென்னந்துடைப்பத்தால் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கம்பத்தில் மகனோடு இருக்கிறாராம்; வாரம் ஒருமுறை வந்து கூட்டிவிட்டு விளக்கேற்றுவாராம். என் அப்பா பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். கொஞ்சம் தள்ளி இந்தோனேசியத் தொழிலாளர் இருவர் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். செம்பனைக்கு நடுவே ஒரு கம்பத்தில் மரப்பெட்டி. எலி பிடிப்பதற்காக ஆந்தை குடியிருக்கத் தோட்ட நிர்வாகம் வைப்பது. ஓடையில் ஓர் உடும்பு சாவகாசமாக நீந்திப் போனது. மேலே மைனாக்களின் சத்தம்.

எனக்குள் ஏதோ இடறியது. ஆளுக்கு ஆள், உயிருக்கு உயிர் இங்கே குடியிருக்கிறார்கள். நாம்தான் போய்விட்டோம். நாம் போனதும் யாருமில்லாத இடம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

மரத்து வேரில் உட்கார்ந்தேன். "கொஞ்சம் இரு. அவிழ்க்காதே" என்றேன்.

"என்ன மாமா, ஒரே ஒரு பாம்பு. அதுவும் விஷமில்லாதது. இது என்ன பண்ணிடப் போவுது?"

நியாயமான கேள்வி. அன்று நான் அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதையும், பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வளர்ப்புப் பாம்பு ஒன்று வெளியே வந்தவுடன் அந்த மண்ணில் வேரூன்றிவிடாது. அது நாலு வாசலைத் தாண்டவேண்டும். முதல் வாசல், வெளியே வருவது: தப்பியோ, யாராவது விட்டோ. இரண்டாவது, உயிர் தாங்குவது. வெயில், மழை, தீனி, ஒளிய இடம் எல்லாம் ஒத்துவர வேண்டும். மூன்றாவது, இணை கிடைத்துக் குட்டி போடுவது. நாலாவது, அந்தக் குட்டிகளும் பிழைத்துப் பரவுவது. பெரும்பாலானவை இரண்டாவது வாசலிலேயே செத்துப்போகும். கூண்டில் பிறந்து, கொடுத்த எலியைத் தின்று வளர்ந்த மஞ்சுவை உடும்போ ராஜநாகமோ சில நாளிலேயே பிடித்துத் தின்றிருக்கலாம். சந்தோஷமாக இருக்கட்டும் என்று நாம் விடுவது பல நேரம் பட்டினிச் சாவுக்குத்தான்.

ஆனால் 'ஒரே ஒரு பாம்பு' என்று நினைப்பவன் நம் பையன் மட்டும் இல்லை. ஓர் ஊரில் பலர் ஆளுக்கொன்றாக, வருஷக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் என்றாவது ஒன்று நாலு வாசலையும் தாண்டிவிடும். பாம்புக்கு இதில் சில வசதிகள் உண்டு. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஆணின் விந்தை உடலிலேயே சேமித்து வைத்து, வெகுநாள் கழித்து முட்டையிடும். சில இனங்களில் ஆணே இல்லாமலும் பெண் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சி சாலையில், 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020இல் 7 முட்டை இட்டது. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளுக்கு மேல் அது ஆண் பாம்பின் பக்கத்திலேயே இருந்ததில்லை. மஞ்சுவின் சொந்தக்காரிதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, பாம்பு கண்ணில் படாது. நாய் பெருகினால் தெருவில் தெரியும். பாம்பு பெருகியது தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்தது அதுதான். அங்கே எவர்கிளேட்ஸ் என்று பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. 1979இல் முதன்முதலாக அங்கே ஒரு பர்மிய மலைப்பாம்பைக் கண்டார்கள். எவனோ விட்டது என்று எண்ணியிருப்பார்கள். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி அடித்தபோது, பாம்பு வளர்த்து விற்கும் ஓர் இடமும் உடைந்து நொறுங்கியது. அவை அங்கே இனம் பெருக்கி வாழ்கின்றன என்று உறுதியாக ஒப்புக்கொண்டது 2000ஆம் ஆண்டில். முதல் பாம்புக்கும் அந்த ஒப்புதலுக்கும் நடுவே 21 ஆண்டுகள்! 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாம்பு பெருகிய பகுதிச் சாலைகளில் இரவில் கண்ணில் படும் விலங்குகளைக் கணக்கிட்டது. ரக்கூன் 99 விழுக்காடு குறைந்திருந்தது. காட்டுப்பூனை 87 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. முயலைக் காணவே இல்லை. அந்த ஆண்டுதான் அமெரிக்க அரசு பர்மிய மலைப்பாம்பு இறக்குமதிக்குத் தடை போட்டது.

ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில் இன்னொரு கதை. அங்கே இயற்கையாகப் பாம்பே கிடையாது. 1998இல் ஒரு கலிபோர்னியப் பாம்பு தென்பட்டது. வீட்டில் வளர்க்க வாங்கியவை. பிடிபட்டவற்றில் பல வெளிறிய அல்பினோ நிறத்தில் இருந்தன. இயற்கையில் அந்த நிறம் அரிது. அழகுக்காகக் கடையில் விற்பதற்கென்று வளர்த்த நிறம் அது. இன்று அந்தப் பாம்பு பரவிய இடங்களில், அத்தீவுக்கே உரிய பெரிய பல்லி இனம் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டது.

குவாம் தீவுக்கு வந்தது வளர்ப்புப் பாம்பு இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் சரக்கோடு சரக்காக வந்த மரப்பாம்பு. விளைவு ஒன்றுதான். அந்தத் தீவின் 12 வனப்பறவை இனங்களில் 10 அங்கிருந்து மறைந்தன. பறவை போனதும் சிலந்தி பெருகியது. மின்கம்பிகளில் பாம்பு ஏறி ஊரே இருட்டானது. கடைசியில், நாம் தலைவலிக்குப் போடும் அதே பாரசிட்டமால், 80 மில்லிகிராம், செத்த சுண்டெலிக்குள் வைத்து ஹெலிகாப்டரிலிருந்து காட்டின் மேல் போட்டார்கள். அந்த மருந்து பாம்புக்கு நஞ்சு. இவ்வளவு செய்தும் பாம்பு இன்னும் இருக்கிறது.

இதில் நம்மவர் கதை ஒன்றும் உண்டு. 2017 ஜனவரியில் புளோரிடா அரசின் வனவிலங்குத் துறையும் புளோரிடா பல்கலைக்கழகமும் சேர்ந்து தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தன. மாசி சடையன், வடிவேல் கோபால். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள், ஐம்பது வயதைக் கடந்தவர்கள். பாம்பு பிடிப்பது பரம்பரைத் தொழில். தோலுக்காகப் பாம்பு பிடித்த காலம் சட்டத்தால் முடிந்தபிறகு, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுத்து வாழ்கிறார்கள்.

2013இல் புளோரிடாவில் மலைப்பாம்பு பிடிக்கும் போட்டி வைத்தபோது ஏறத்தாழ 1,600 பேர் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் 68 பாம்புகளைத்தான் பிடித்தார்கள். இந்த இருவர் வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடிப் பெண். தரையில் கிடந்த எச்சம், சட்டை, புல் மடங்கிய தடம் இவற்றைப் படித்துக்கொண்டே நடந்தார்கள். அமெரிக்க நிபுணர்கள் கைகட்டிப் பின்னால் நடந்து பார்த்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

படிக்கப் படிக்கப் பெருமையாக இருக்கிறது. அதோடு ஒரு வருத்தமும். எங்கோ ஒருவன் கூண்டைத் திறந்து விட்டதற்கு, பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கும் ஓர் இருளர் விமானம் ஏறிப் போய்ப் புதருக்குள் குனிய வேண்டியிருந்தது. அவர்களாலும் எல்லாவற்றையும் பிடிக்க முடியவில்லை. பாம்புகள் அங்கே இன்னும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன.

"அது அமெரிக்கா மாமா. இங்க நம்ம சாவாவே இருக்கு. உடும்பு இருக்கு. புதுசா வர்ற பாம்பு ஜெயிக்க முடியாது" என்றான் பையன். அதிலும் உண்மை இருக்கிறது. பாம்பே இல்லாத தீவுக்கு வரும் ஆபத்தும், பாம்புகள் நிறைந்த பேராக் காட்டுக்கு வரும் ஆபத்தும் ஒன்றல்ல. ஆனால் போட்டியில் தோற்கிறவனும் நோயைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பர்மிய மலைப்பாம்போடு புளோரிடாவுக்குப் போன ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி ஒன்று, இப்போது அந்த மண்ணின் சொந்தப் பாம்புகளுக்குள் பரவிக்கொண்டிருக்கிறது. மலைப்பாம்பு கால் வைக்காத இடத்துக்கும் அது போய்விட்டது. எலி பிடிக்கிற பிள்ளை என்று அப்பா விட்டுவைத்த சாரைக்கு நான் எதைக் கொண்டுவந்து கொடுக்கப் போகிறேன்?

பிறகு அவன் கேட்டான். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"இந்த ரப்பர் மரம் மட்டும் இங்க பொறந்ததா? நாமளும் வெளியிலேருந்து வந்தவங்கதானே மாமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இந்த நாட்டில் அந்தச் சொல்லை நாம் வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறோம். அது எப்படிக் குத்தும் என்று தெரியும்.

ரப்பர் பிரேசிலைச் சேர்ந்ததுதான். 1877இல் வந்த கன்றுகளில் ஒன்பது, இங்கிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஏன், காக்கைகூட 1890களில் காப்பித் தோட்டப் பூச்சியைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அதை விரட்ட நகராண்மைக் கழகங்கள் படும் பாடு நமக்குத் தெரியும்.

"மனுசனையும் பாம்பையும் ஒரே தராசுல வைக்காதே" என்றேன். "நம்ம தாத்தாவைக் கொண்டாந்தவன் வேலைக்குக் கொண்டாந்தான். அவர் வந்து காடு திருத்தினார், கோயில் கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார், அண்டை அயலோட பேசிப் பழகி இந்த ஊர்க்காரர் ஆனார். பாம்பால அதெல்லாம் முடியாது. இங்க தப்பு வெளியிலேருந்து வந்த பாம்பு மேலயும் இல்லை. கொண்டாந்து போட்டுட்டு, என்ன ஆச்சுன்னு திரும்பிப் பார்க்காத ஆள் மேலதான்."

சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே உறுத்தியது. ஏனென்றால் திரும்பிப் பார்க்காத ஆள் நானும்தான்.

என் மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது இரண்டு ஆமைக் குட்டிகள் வாங்கிக் கொடுத்தேன். காதோரம் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமை. ஐம்பது காசு அளவுதான் இருந்தது. மூன்று வருஷத்தில் உள்ளங்கையைத் தாண்டிவிட்டது. தொட்டி நாற்றம் தாங்கவில்லை. ஒருநாள் மாலை மகளையும் கூட்டிக்கொண்டு போய், வீட்டுக்கு அருகே உள்ள பழைய ஈயக்குட்டையில் விட்டேன். "இனிமே சுதந்திரமா நீந்தும்மா" என்றேன். அவள் கைதட்டினாள். ஈப்போவில் குகைக் கோயில் குளங்களில் ஆமைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஆமையைத் தண்ணீரில் விடுவது புண்ணியமாகத்தான் பட்டது. அந்தச் சிவப்புக் காது ஆமை அமெரிக்க இனம் என்பதும், உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் குவாமின் மரப்பாம்போடு அதுவும் இருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் மகளிடம் சொல்லவில்லை. இப்போது அவளுக்குப் பதினாறு. அந்தக் குட்டைப் பக்கம் போகும்போதெல்லாம், "அப்பா, நம்ம ஆமைங்க இருக்குமா?" என்று இன்றும் கேட்கிறாள்.

பையனிடம் அதைச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பாட்டி துடைப்பத்தை வைத்துவிட்டு வந்தார். "பையில என்னய்யா, கோயிலுக்கா?" என்றார். "இல்ல பாட்டி, வீட்டுக்குத் திரும்பிப் போறது" என்றான் பையன். எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பிறகு இருவரும் மஞ்சுவைக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். பையனுக்கு உள்ளங்கை வியர்த்தது. எங்கே வாங்கினாய், எப்போது வாங்கினாய் என்ற கேள்விகளுக்கு உண்மையைச் சொன்னான். தாளில் கையெழுத்துப் போட்டான். பெட்டிக்குள் கையை விட்டு ஒருமுறை தடவிக் கொடுத்தான். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா, "என் கையால ஒரு தடவை தீனி போட்டிருக்கலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதைப் படிக்கும் இளையவர்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். பாம்போ, ஆமையோ, ஓணானோ, மீனோ, வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எத்தனை வருஷம் வாழும்? மலைப்பாம்பு முப்பது வருஷம்கூட வாழும்; இருபது வயதில் வாங்கினால் ஐம்பது வயதுவரை. இதை வளர்க்க உரிமம் வேண்டுமா? 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பல இனங்களுக்கு வேண்டும். காசு கொடுக்கும் முன் துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். என்னால் முடியாமல் போனால் இது யாரிடம் போகும்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு விழிப்பவர்கள், பயத்தில் இருட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். பெட்டியிலிருந்து தப்பிவிட்டால் வெட்கப்படாமல் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அடிக்காமல் 999க்கு அழையுங்கள். தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வரும்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மகளிடம் ஆமைக் கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்தக் குட்டையில முன்னாடி என்னப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. விடும்போது நான் குனிந்து பார்க்கவே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.